ஒரு லிட்டர் போகும் வழி

பாரசீக வளைகுடாவில் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் இறங்கி, குழாய் வழியாக மணலிக்குப் போகிறது கச்சா எண்ணெய். அண்மை ஆண்டுகளில் ரஷ்யாவிலிருந்தும் வருகிறது. இந்தியா செலவழிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. பள்ளிப்பட்டு பெட்ரோல் பங்கில் ஒரு காரின் டேங்குக்குள் இறங்கும் ஒரு லிட்டரின் பிறப்பிடத்தைத் தேடினால் பெரும்பாலும் இப்படி எங்காவது கடலுக்கு அப்பால்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த ஒரு லிட்டரைக் கடைசிச் சொட்டு வரை பின்தொடர்ந்து பார்க்க ஆசை. அதற்குக் காரணம் ஒரு கேள்வி. புதுக் கார் எடுத்தவர்கள் டேஷ்போர்டில் பச்சையாக எரியும் 'ஈகோ' எழுத்தைக் காட்டி, "இந்த பட்டனைப் போட்டா நெஜமாவே மைலேஜ் குடுக்குதா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற பதில் இதற்குக் கிடையாது. பெட்ரோல் எங்கெங்கே போகிறது என்று தெரிந்தால்தான் பட்டன் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்க முடியாது என்று தெரியும்.

மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இந்திய அரசோடு ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் அமெரிக்காவின் அமோகோவும் கூட்டுச் சேர்ந்தன. 1969-ல் உற்பத்தி தொடங்கியபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் அளவு. இன்று சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில் 1 கோடியே 5 லட்சம் டன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி, கொதிநிலை வாரியாகப் பிரித்து, கனமானதை உடைத்து, கந்தகத்தை நீக்கி, பெட்ரோலாக்கி அனுப்புகிறார்கள். பங்குக்குப் போகும் முன், எண்ணெய்க் கிடங்கில் இன்னொன்று அதோடு சேர்கிறது: எத்தனால். ஆலையிலேயே கலந்து குழாயில் அனுப்பாமல் கிடங்கு வரை காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நீண்ட குழாய்ப் பயணத்துக்கு அது ஒத்துவராது.

இப்போது நாடு முழுக்க விற்பது ஈ20. ஒரு லிட்டரில் 200 மில்லி எத்தனால். கரும்பின் மொலாசஸ், கரும்புச் சாறு, அரிசி, மக்காச்சோளம் இவற்றிலிருந்து வடிப்பது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கரும்பு விவசாயிகள் திருவாலங்காட்டில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர் டிராக்டராக ஏற்றி அனுப்பியவர்கள். தாங்கள் வெட்டும் பயிரின் உறவினர் ஒன்று காரின் டேங்குக்குள் வந்து சேரும் என்று அவர்களில் யாரும் முப்பது வருடத்துக்கு முன் நினைத்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு இங்கேயே தங்குகிறது என்பது நல்ல செய்திதான். அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், லிட்டருக்கு 6, 7 சதவீதச் சக்தி கழிந்துபோகிறது. பங்கில் அளந்து ஊற்றுவது லிட்டர். கார் ஓடுவது சக்தியில்.

கிடங்கில் நிரப்பிய டேங்கர் லாரி திருவள்ளூர் தாண்டி, திருத்தணி வந்து, அங்கிருந்து வடமேற்கே திரும்புகிறது. பள்ளிப்பட்டுக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டர். விசைத்தறி ஓசை கேட்கும் பொதட்டூர்பேட்டைப் பக்கம், வேகத்தடைகள், கரும்புத் தோட்டம், மாந்தோப்பு, பிறகு கொசஸ்தலை ஆறு. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இந்த ஆற்றங்கரையில்தான் முதலில் எச்சரிக்கை கொடுப்பார்கள். எல்லைப்புற ஊர். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில், ஆந்திரத்தோடு இருந்தது, ம.பொ.சி. முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று அந்த எல்லைக்கோடு பெட்ரோல் விலையிலும் தெரிகிறது. ஆந்திரத்தில் வரி கூடுதல். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. அதனால் எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பங்குகளில் ஆந்திரப் பதிவெண் வண்டிகளும் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகிறது என்று எல்லை தாண்டி வருகிறவர்கள், அதே லிட்டரில் கால் பங்கைத் தங்கள் காலாலேயே வீணாக்கிக்கொண்டு திரும்பிப் போக வாய்ப்பிருக்கிறது. இனி அதைப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் ஈ20 பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தி சுமார் 30 மெகாஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். பொதட்டூர்பேட்டையில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்த விசைத்தறி ஒன்றைப் பத்து மணி நேரம் ஓட்டப் போதுமான சக்தி. அவ்வளவு கனமான சரக்கு அது. ஆனால் கார் எஞ்சின் இந்தச் சக்தி முழுவதையும் சக்கரத்துக்குக் கொடுப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சைலென்சர் வழியாகச் சூடான புகையாகப் போகிறது. அதே அளவு ரேடியேட்டரிலும் எஞ்சின் உடம்பிலும் வெப்பமாகக் கரைகிறது. நல்ல பெட்ரோல் எஞ்சின், தனக்கு உகந்த நிலையில் ஓடும்போது, 35 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்றும். ஊருக்குள் நின்று நின்று போகும்போது அது 20, 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தில்தான் ஓட்டுநரின் பங்கு இருக்கிறது.

டேங்குக்குள் விழுந்த லிட்டருக்கு அடுத்த வேலை மேலே ஏறுவது. டேங்கினுள்ளேயே மூழ்கியிருக்கும் சின்ன மின் பம்ப், சாதாரண காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு அளவுக்கு அழுத்திக் குழாய் வழியாக முன்பக்கம் அனுப்புகிறது. அங்கே இன்ஜெக்டர்கள். ஊசிமுனை போன்ற துளைகள் வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடும். பெட்ரோல் புகைபோலத் தெறிக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், லிட்டருக்கு 20 கி.மீ. தரும் நான்கு சிலிண்டர் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால், நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து வினாடிக்கு அறுபத்தாறு, அறுபத்தேழு முறை தெறிக்கின்றன. ஒரு தெறிப்பில் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. அந்த லிட்டர் 24 நிமிடத்தில், ஏறக்குறைய ஒரு லட்சம் தெறிப்புகளாகச் சிதறி முடிகிறது. வளைகுடாவிலிருந்து வாரக்கணக்கில் வந்த சரக்கு பள்ளிப்பட்டில் புறப்பட்டுத் திருத்தணி சேருமுன் காலி.

ஒவ்வொரு தெறிப்பும் எவ்வளவு என்று தீர்மானிப்பது யார்? இந்த இடத்தில் லிட்டரைச் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, நம் வலது காலுக்கு வர வேண்டும்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 ஓட்டியவர்களுக்கு ஆக்சிலேட்டர் என்றால் ஒரு கேபிளும் கம்பியும்தான். பெடலை மிதித்தால் அது இழுபடும். மறுமுனையில் கார்ப்பரேட்டரின் தகடு திறக்கும். காற்று உள்ளே பாயும், பாயும் காற்று பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போகும். கால் எவ்வளவு போகிறதோ தகடு அவ்வளவு திறக்கும். நடுவில் யாரும் இல்லை. கேபிள் அறுந்தால் நடுரோட்டில் நின்று, கம்பியையோ கயிற்றையோ கட்டி இழுத்து ஊர் சேர்ந்த கதைகள் அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லோரிடமும் இருக்கும்.

இன்றைய காரில் அந்தக் கேபிள் கிடையாது. பெடலின் மூட்டில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் எவ்வளவு இறங்கியது என்பதை இரண்டும் தனித்தனி மின்னழுத்தமாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. பல வண்டிகளில் ஒன்று சொல்லும் அளவு மற்றொன்றின் பாதியாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். இரண்டு கணக்கும் பொருந்துகிறதா என்று கம்ப்யூட்டர் இடைவிடாமல் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால், ஏதோ பழுது என்று எடுத்துக்கொண்டு, வண்டியை ஊர்ந்து வீடு சேரும் அளவுக்கு மட்டும் ஓடவிடும். உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் சாட்சி இரண்டு. எஞ்சின் பக்கத்தில் காற்றுக் குழாயின் தகட்டைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். கால் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறது. கம்ப்யூட்டர் பார்த்து எவ்வளவு திறப்பது என்று உத்தரவு போடுகிறது. 1987-ல் பிஎம்டபிள்யூ தன் 12 சிலிண்டர் 750ஐஎல் காரில் இப்படி மின்கம்பி வழி ஆக்சிலேட்டரை வைத்தபோது அது பணக்காரர்களின் பொருள். இன்று பள்ளிப்பட்டு டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் சிறிய காரிலும் இருக்கிறது.

காலுக்கும் தகட்டுக்கும் நடுவே கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த அன்றே ஈகோ மோடுக்கு இடம் பிறந்துவிட்டது. அதன் முதல் வேலை மிக எளிது. விண்ணப்பத்துக்கும் உத்தரவுக்கும் நடுவே உள்ள கணக்கை மாற்றுவது. உதாரணத்துக்கு, பெடலை மூன்றில் ஒரு பங்கு மிதிக்கிறீர்கள். சாதாரண மோடில் எஞ்சின் தன் இழுவையில் பாதியைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈகோவில் அதே மிதிக்குக் கால் பங்குதான் கொடுக்கும். ஸ்போர்ட் மோடில் முக்கால் பங்கு கொடுக்கும். எஞ்சின் ஒன்றே, பெட்ரோல் ஒன்றே. 'ஸ்போர்ட் போட்டா வண்டி பறக்குது' என்று தோன்றுவதில் பெரும்பங்கு, பெடலின் முதல் அங்குலத்திலேயே நிறையக் கொடுத்துவிடும் இந்தக் கணக்கினால்தான். 'ஈகோவுல வண்டி இழுக்கல' என்று சலித்துக்கொள்வதும் இதே கணக்கின் மறுபக்கம்.

அப்படியானால் ஈகோவில் போட்டுவிட்டு, வண்டி இழுக்கவில்லையே என்று இன்னும் அழுத்தி மிதித்தால்? சாதாரண மோடில் எவ்வளவு செலவாகுமோ அவ்வளவு செலவாகும். மிச்சம் எதுவுமில்லை. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ஈகோவைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பட்டன் பெட்ரோலைச் சேமிப்பதில்லை. காலை நிதானமாக்கப் பார்க்கிறது. கால் ஒத்துழைத்தால் பெட்ரோல் மிஞ்சும்.

நிதானமான கால் என்ன மிச்சம் பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு வருகிறது. அந்த ஓட்டத்தில் அடங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 1,53,000 ஜூல். எஞ்சின் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்றால், இதற்கு எரிய வேண்டிய பெட்ரோல் 20 மில்லி. எதிரே ஆட்டுக்கூட்டம் வருகிறது. பிரேக்கை அழுத்தி நிறுத்துகிறோம். அந்த 20 மில்லியின் பலன் முழுவதும் பிரேக் பட்டையில் சூடாகி, காற்றோடு போய்விட்டது. மறுபடி 60-க்குப் போக இன்னொரு 20 மில்லி. இப்படி ஐம்பது முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் போச்சு. அதுவும் தூரம் ஓடுவதற்கான செலவைச் சேர்க்காமல். 60-க்குப் பதில் 40-க்கு மட்டும் வந்து நின்றிருந்தால் ஒரு முறைக்கு 9 மில்லி. 80-க்குப் போய் நின்றால் 36 மில்லி. வேகம் இரட்டித்தால் இந்தச் செலவு நான்கு மடங்காகிறது.

பொதட்டூர்பேட்டை வழியில் வேகத்தடைக்கு வேகத்தடை என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தடை தாண்டியதும் இரண்டாவது கியரில் உறும விரட்டி 60, எதிரே அடுத்த தடை தெரிந்ததும் பிரேக். அந்த இருநூறு மீட்டரில் நேரம் சில வினாடிகள்தான் மிச்சமாகியிருக்கும். போனது முழு 20 மில்லிக்கு அருகில். ஈகோ மோட் இந்த இடத்தில்தான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. மிதித்ததும் பாய விடாமல் வைப்பதால், அடுத்த தடை வருவதற்குள் கார் 40, 45-ஐத் தாண்டியிருக்காது. அந்த வேகம் போதும் என்று ஓட்டுநருக்கும் தோன்றிவிடும்.

நீண்ட வெறுஞ்சாலையில் கதை வேறு. மணிக்கு 60-ல் ஒரே சீராக ஓடும்போது காற்றின் எதிர்ப்பையும் டயர் உராய்வையும் சமாளிக்க எவ்வளவு இழுவை வேண்டுமோ அவ்வளவைத்தான் எஞ்சின் கொடுத்தாக வேண்டும். ஈகோவில் பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்கும்; தகடு திறந்திருப்பது அதே அளவு. அங்கே மைலேஜைத் தீர்மானிப்பது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 50-ல் இருந்ததைப் போல இரண்டரை மடங்கு 80-ல். மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45-லிருந்து 55 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொல்லிப் பல்லாண்டாக விளம்பரம் செய்வது இதனால்தான்.

இந்தச் சங்கம் 1978-ல் அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபின், சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கானது. அதுவரை அமெரிக்க, ஐரோப்பியக் கார்களில் மைலேஜ் பெரிய பேச்சாக இருந்ததில்லை. பிறகு டேஷ்போர்டில் ஒரு முள் வந்தது. எஞ்சினின் காற்றுக் குழாயில் உள்ள வெற்றிடத்தை அளந்து, மிதி அதிகமானால் சிவப்புப் பக்கம் சாயும். ஓட்டுநருக்குப் புத்தி சொல்லும் கருவி, அவ்வளவே. நம்மூரில் டிவிஎஸ் ஸ்டார் சிட்டி பைக்கில் எரியும் ஈகோ, பவர் விளக்குகளும் இதே வம்சம். விளக்கு எஞ்சினைத் தொடாது. நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று சொல்லும். 2008-ல் நிசான் ஒரு படி மேலே போய், அதிகம் மிதித்தால் காலை எதிர்த்துத் தள்ளும் பெடல் ஒன்றை அறிவித்தது. 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸிலும் ஹோண்டா இன்சைட்டிலும் ஈகோ பட்டன் இருந்தது. இந்தியாவில், சாமானியர் வாங்கும் விலையில், 2014-ல் டாடா ஜெஸ்ட் ஈகோ, சிட்டி, ஸ்போர்ட் என்று மூன்று மோடோடு வந்தது. ஒரகடத்தில் செய்யும் ரெனோ கைகரிலும் மூன்று மோட் உண்டு. டாடா லாரிகளில் சுமைக்குத் தக்கபடி லைட், மீடியம், ஹெவி என்று திருப்பிக்கொள்ளும் சுவிட்ச் வைத்தார்கள். வெறும் வண்டியாகத் திரும்பும்போது முழுச் சக்தி எதற்கு என்ற அதே எண்ணம்.

ஆட்டோமேட்டிக் கார்களில் ஈகோவுக்கு இரண்டாவது வேலை உண்டு: கியரைச் சீக்கிரம் ஏற்றிவிடுவது. பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுற்றில், ஓரளவு கனமான சுமையோடு உழைக்கும்போதுதான் சிக்கனமாக இருக்கும். காரணம் அந்தக் காற்றுத் தகடு. அது பாதி மூடியிருக்கும்போது பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அடைபட்ட வழியில் காற்றை இழுக்க வேண்டும். மூச்சை இழுப்பதற்கே பெட்ரோல் செலவு. மேல் கியரில், குறைந்த சுற்றில் போகும்போது அதே வேகத்துக்குத் தகடு கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும், அடைப்பு குறைகிறது. கையால் கியர் போடும் வண்டியில் இதைச் செய்ய வேண்டியது நாம். டேஷ்போர்டில் மேல்நோக்கிய அம்பு எரிந்தால் கியரை ஏற்றச் சொல்கிறது என்று பொருள். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. எஞ்சின் திணறி உதறும் அளவுக்கு இறக்கி ஓட்டவும் கூடாது. அது சேமிப்பில் சேராது.

மூன்றாவது வேலை ஏசி. எங்கள் பக்கத்தில் பெடலைவிட இதுதான் பெரிய விஷயம் என்று சொல்வேன். கோடையில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் திருத்தணி முதலிடத்துக்கு அருகில் நிற்கும் ஊர். 40 டிகிரிக்கு மேல் போவது வழக்கம், மே மாதத்தில் 43, 44 என்று செய்தியில் கேட்டிருக்கிறோம். வெயிலில் நின்ற காரைக் குளிர்விக்க ஏசி கம்ப்ரசர் எஞ்சினிடமிருந்து இரண்டு, மூன்று கிலோவாட் வரை இழுக்கும். சிறிய கார் 50 கி.மீ. வேகத்தில் சமதரையில் ஓடுவதற்கே நான்கைந்து கிலோவாட்தான் தேவைப்படும். அப்படியானால் ஏசியின் பங்கு எவ்வளவு பெரியது என்று புரியும். பல கார்களில் ஈகோ போட்டதும் கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும், அல்லது மெதுவாக உழைக்கும், உள்காற்றையே சுற்றவிடும். மே மாத மதியத்தில் பின் சீட்டில் இருக்கும் அம்மா, "ஏசி ஓடுதா இல்லையாப்பா?" என்று கேட்பார். ஓட்டுகிறவர் ஈகோவை அணைப்பார். அதில் தவறில்லை. புறப்படுமுன் கதவுகளைத் திறந்துவைத்துச் சூட்டை வெளியேற்றி, முதல் சில நிமிடம் கண்ணாடியை இறக்கி ஓட்டி, பிறகு ஏசி போட்டால், பட்டன் சேமிப்பதில் ஒரு பங்கை நாமே சேமித்துவிடலாம்.

பழைய டிரைவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் ஒரு யோசனை உண்டு: "எறக்கத்துல நியூட்ரல்ல போட்டு உருட்டு தம்பி, எண்ணெய் மிச்சம்." கார்ப்பரேட்டர் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது, கியரில் இருந்தாலும் ஓடும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். இன்ஜெக்டர் வைத்த காரில், கியரில் இருக்கும்போது காலை ஆக்சிலேட்டரிலிருந்து முழுக்க எடுத்தால், கம்ப்யூட்டர் தெறிப்பையே நிறுத்திவிடும். சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது. பெட்ரோல் செலவு பூஜ்யம். சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியபின்தான் மறுபடி தெறிக்கத் தொடங்கும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரித்துக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிரேக்கும் இல்லாமல் போகும். திருத்தணி மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரல் போடுவது சேமிப்பும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. தூரத்தில் ரயில்வே கேட் மூடியிருப்பது தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிட வேண்டும். அந்தத் தூரம் முழுக்க இலவசமாக வரும். பெட்ரோல் சிக்கனத்தின் மிகப் பெரிய கருவி முன்னால் பார்க்கும் கண் என்பது என் உறுதியான எண்ணம். எந்தப் பட்டனும் அந்த கேட்டைப் பார்க்காது.

ஈகோவை அணைக்க வேண்டிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். திருத்தணி, நகரி, ரேணிகுண்டா நெடுஞ்சாலையில் இருவழியாக இருக்கும் பகுதியில் முன்னால் ஒரு லாரி. எதிரே வெளிச்சம் இல்லை, தாண்டலாம் என்று முடிவெடுக்கிறோம். அந்த நேரத்தில் மிதிக்கு உடனே பதில் வர வேண்டும். பல கார்களில் பெடலைத் தரை வரை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஈகோவை ஒதுக்கிவிட்டு முழு இழுவையைக் கொடுத்துவிடும். சிலவற்றில் இழுவைக்கே உச்சவரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் கார் எந்த வகை என்று காலி ரோட்டில் முன்கூட்டியே பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாவிட்டால், தாண்டுமுன் பட்டனை அணைத்துவிடுங்கள். ஐந்து பேரும் சாமானுமாக மலையேறும்போதும் அப்படித்தான். சேமிக்கும் சில மில்லிக்காக எதிரே வரும் பஸ்ஸோடு பந்தயம் வேண்டாம்.

கார் கம்பெனிகள் மைலேஜில் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு வாடிக்கையாளர் மட்டுமே காரணமில்லை. 2017 ஏப்ரலிலிருந்து ஒரு சட்டக் கட்டாயம் இருக்கிறது: ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் சராசரி, கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயுவைத் தாண்டக் கூடாது. 2022-23-லிருந்து அது 113 கிராம். இதை அளக்கும் சோதனை, ரோலர் மேல் காரை நிறுத்தி, குறித்த வேகக் கோட்டை வினாடிக்கு வினாடி பின்பற்றி ஓட்டுவது. உச்ச வேகம் 90. ஏசி அணைத்திருக்கும். ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்திலும் இந்த வகைச் சோதனைக்கூடம் இருக்கிறது. இதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. வேகக் கோடு முன்பே வரையப்பட்டது. எந்த வினாடியில் எந்த வேகம் என்று நிர்ணயித்தாகிவிட்டது. அங்கே பெடல் கணக்கு எப்படி இருந்தாலும் கார் அதே வேகத்தில்தான் ஓடியாக வேண்டும். ஆகவே கியர் கையால் போடும் காரில், சோதனைக்கூடத்தில் ஈகோ மோட் கிட்டத்தட்ட எதையும் மிச்சம் பிடிக்க வழியில்லை. அது வேலை செய்வது சாலையில், அவசரப்படும் ஒரு மனிதக் காலின் கீழே மட்டும்தான். கம்பெனி சொல்லும் மைலேஜும் நம் மைலேஜும் ஒத்துப்போகாததற்கு ஏசி, நெரிசல், வேகம் எல்லாம் காரணம். பட்டனைப் போட்டு அந்த இடைவெளியை மூடிவிடலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நம் லிட்டர் இதற்குள் எரிந்து தீர்ந்திருக்கும். முக்கால் கிலோ எடையில் உள்ளே போனது, காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு கிலோவுக்கு மேல் கரியமில வாயுவாகவும் கூடவே நீராவியாகவும் சைலென்சர் வழியே வெளியேறிவிட்டது. மீட்க முடியாத பொருள். ஆனால் அந்த 20 மில்லிக் கணக்கில், பிரேக்கில் போன பங்கைத் திரும்பப் பிடிக்க வழி உண்டு. 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் போன்ற ஹைபிரிட் கார்கள் காலை எடுத்ததும் மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றி, ஓட்டத்தின் சக்தியில் ஒரு பங்கை பேட்டரிக்குள் தள்ளுகின்றன. அடுத்த கிளம்பலுக்கு அதையே எடுத்துக்கொள்கின்றன. வேகத்தடைக்கு வேகத்தடை நின்று போகும் ஊர்ச்சாலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. விலைதான் இன்னும் பள்ளிப்பட்டு டாக்சிக்காரருக்கு எட்டும் உயரத்தில் இல்லை. அது இறங்கும்வரை, பொதட்டூர்பேட்டை வழியில் ஈகோவைப் போட்டு 45-ல் போவதும், கேட் தெரிந்ததும் காலை எடுப்பதும், மாதம் ஒருமுறையாவது டயரில் காற்றுப் பார்ப்பதும் காசில்லாமல் கிடைக்கும்.